அகலக்கால் வைப்பதா, அடியடியாகப் போவதா? மாற்றத்துக்கான நான்கு வழிகள்

"சின்னதாக ஆரம்பியுங்கள்" என்று சொல்லாத ஆளில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல முறைகள் ஒளிந்திருக்கின்றன. தினமும் இரண்டே நிமிடம் செய்வது ஒன்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போவது இன்னொன்று. போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுவது மூன்றாவது. மூன்றும் கேட்க ஒன்றுபோல இருந்தாலும் அவை வேலை செய்யும் விதமும், உடைந்துபோகும் இடமும் வேறு வேறு. போதாக்குறைக்கு, சில மாற்றங்களில் சின்ன அடியே எடுக்கக் கூடாது. ஒரே வெட்டாக வெட்டுவதுதான் பலன் தரும்.

எனவே "எவ்வளவு சின்னதாக" என்பதற்கு முன் "எந்த வகையில் சின்னதாக" என்று கேட்க வேண்டும். பேசுவதற்கு வசதியாக இந்த நான்கையும் துளி, படிக்கட்டு, ஏற்பாடு, ஒரே வெட்டு என்று வைத்துக்கொள்வோம்.

துளி

அளவு கூடாது, நாள் தவறாது: துளி முறையின் சாரம் இவ்வளவுதான். ஏற்கெனவே யோசிக்காமல் செய்யும் ஒரு காரியத்தின் வாலில் புதிய காரியத்தை முடிச்சுப் போடுகிறோம். பல் துலக்கிப் பிரஷ்ஷை வைத்ததும் சுவரில் கை ஊன்றி இரண்டு தண்டால். மேசையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்குள் நோட்டில் ஒரு வரி. படுக்கையில் சாய்ந்ததும் புத்தகத்தில் ஒரு பக்கம்.

அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. காய்ச்சல் விட்டு எழுந்த மறுநாளும், ராத்திரி பதினொரு மணிக்கு வீடு திரும்பிய நாளிலும் இதைச் செய்வேனா என்று கேட்டுப் பாருங்கள். தயக்கம் வந்தால் பாதியாகக் குறையுங்கள். பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் வந்து நிற்கும்.

இந்த முறையின் பலம் அளவில் இல்லை, முடிச்சில் இருக்கிறது. "இன்னது நடந்ததும் இன்னது செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைத்தால் அந்த நேரத்தில் யோசிக்க வேண்டிய தேவை விழுந்துவிடுகிறது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1999-ல் இந்த வகைத் திட்டமிடலைப் பற்றி விரிவாக எழுதினார். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-ல் 94 சோதனைகளைச் சேர்த்து அலசியபோது, வெறும் நோக்கம் மட்டும் வைத்திருந்தவர்களைவிட இப்படித் திட்டம் வைத்திருந்தவர்கள் கணிசமாக அதிகம் சாதித்திருந்தார்கள்.

ஆகவே துளி தோற்றால் பெரும்பாலும் குற்றவாளி முடிச்சுதான். "சாப்பிட்ட பிறகு" என்பது தளர்ந்த முடிச்சு. சாப்பாடு எப்போது முடிகிறது? கடைசி வாயிலா, கை கழுவியதிலா, அரட்டை ஓய்ந்ததிலா? "தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும்" என்றால் இறுகும், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியும் ஒரு கணம். இன்னொரு பிழை, இடைவெளி பொருந்தாதது. ஆபீஸ் போய் உட்கார்ந்ததும் என்று முடிச்சுப் போட்டால் சனி, ஞாயிறு அறுந்துபோகும். திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்த மாதிரி இருக்கும். தினசரி காரியத்துக்குத் தினசரி முடிச்சுதான் தாங்கும்.

உற்சாகமும் இதைக் கெடுக்கும். ஆறாம் நாள் உடம்பு நன்றாக இருக்கிறது, இரண்டுக்குப் பதில் இருபது தண்டால். ஏழாம் நாள் இரண்டு என்பது கேவலமாகத் தெரிகிறது, இருபதுக்குத் தெம்பில்லை, அதனால் ஒன்றுமே இல்லை. அதிகமாகச் செய்தால் அது உபரி. கணக்கில் வர வேண்டிய தரை அளவு இரண்டேதான். நோட்டில் குறித்து வைப்பவர்கள் எண்ணிக்கையை எழுதாமல் வெறும் டிக் மட்டும் போடுவது இதனால்தான் நல்லது.

எத்தனை நாளில் பழக்கமாகும்? 21 நாள் என்ற கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. அதன் மூலம், பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது மூன்று வாரம் ஆவதாக 1960-ல் எழுதியது. பழக்கங்களை அளந்து சொன்னதல்ல. அளந்து பார்த்தவர்களில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் பிலிப்பா லாலி குழு முக்கியமானது. 96 பேர், 12 வாரம், ஒவ்வொருவருக்கும் தினமும் ஒரே சூழலில் ஒரு புதிய காரியம். யோசிக்காமல் செய்யும் நிலைக்கு வர ஆன நாட்களின் இடைநிலை அளவு 66. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை விரிந்தது. அந்த 254-ஐ யாரும் உட்கார்ந்து எண்ணவில்லை. ஆய்வு நடந்ததே 84 நாள்தான், மீதி வரைகோட்டை நீட்டிக் கணித்தது. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய காரியங்கள் சீக்கிரம் ஒட்டிக்கொண்டன, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. நாட்களை எண்ணுவதைவிட நல்ல அடையாளம் ஒன்று உண்டு: நினைவூட்டல் இல்லாமலே கை தானாக அங்கே போகிறதா, விட்டுப்போனால் ஏதோ குறைந்த மாதிரி இருக்கிறதா என்பது.

துளியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு தண்டால் எத்தனை வருடம் செய்தாலும் இரண்டு தண்டால்தான். அளவு சேர்ந்தால்தான் பலன் என்ற காரியங்களில், துளி வாசல்வரை கொண்டுவந்து விடும். உள்ளே போக அடுத்த முறை வேண்டும்.

படிக்கட்டு

உடம்போ திறமையோ வளர வேண்டிய இடங்களில் படிக்கட்டுதான் சரி: நடை, ஓட்டம், எடை தூக்குவது, புதிய மொழி, தூங்கும் நேரத்தை நகர்த்துவது. இதில் மூன்று எண்களை முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: படியின் உயரம், ஒரு படியில் எத்தனை நாள், அடுத்த படிக்குப் போக என்ன தகுதி. மூன்றாவதைத்தான் பெரும்பாலானவர்கள் எழுதுவதில்லை. தேதி வந்துவிட்டது என்று ஏறிவிடுகிறார்கள்.

நடையை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பைச் சொல்கிறது. வாரம் ஐந்து நாள் என்று வைத்தால் நாளுக்கு 30 நிமிடம். முதல் இரண்டு வாரம் 10 நிமிடம், அடுத்த இரண்டு 15, பிறகு 20, பிறகு 25, ஒன்பதாவது வாரம் 30. ஒரு படியில் இரண்டு வாரத்துக்குப் பத்து நடை வரும். அதில் குறைந்தது எட்டு நடையாவது முழுமையாக முடிந்திருக்க வேண்டும், மறுநாள் காலை மூட்டிலோ குதிகாலிலோ வலி தங்கியிருக்கக் கூடாது. இந்த இரண்டும் இருந்தால் ஏறுங்கள். இல்லையென்றால் அதே படியில் இன்னும் இரண்டு வாரம். அதிலும் தேறாவிட்டால் ஒரு படி கீழே. கீழே இறங்குவதையும் ஆரம்பத்திலேயே விதியாக எழுதி வைத்தால் அது தோல்வி மாதிரி வலிக்காது.

இரண்டு வாரம் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்பார்கள். மூச்சும் தசையும் சில வாரத்தில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் மெதுவாகத்தான் பலப்படும். மூச்சு வாங்கவில்லை என்பதை வைத்து வேகமாக ஏறுபவர்களுக்குக் குதிகாலும் முழங்காலும்தான் பதில் சொல்கின்றன.

அதே சமயம் "வாரம் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே" என்ற ஓட்டக்காரர்களின் பிரபலமான விதியை வேதவாக்காக எடுக்க வேண்டியதில்லை. நெதர்லாந்தில் 532 புதிய ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அந்த விதிப்படி 13 வாரப் பயிற்சியும், மறு பாதிக்கு வழக்கமான 8 வாரப் பயிற்சியும் கொடுத்தார்கள். 2008-ல் வந்த முடிவில் இரு பக்கமும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம், வித்தியாசமே இல்லை. சதவீதத்தில் மாயம் எதுவும் கிடையாது என்றே இதைப் படிக்க வேண்டும்.

சதவீதம் என்றதும் இன்னொன்று. தினம் ஒரு சதவீதம் முன்னேறினால் வருடக் கடைசியில் 37 மடங்கு என்ற கணக்கைப் பார்த்திருப்பீர்கள். கணக்கு சரி, 1.01-ஐ 365 முறை பெருக்கினால் 37.8 வரும். ஆனால் இன்று பத்து நிமிடம் நடப்பவர் அடுத்த வருடம் இதே நாளில் ஆறேகால் மணி நேரம் நடக்கப் போவதில்லை. மனித முன்னேற்றம் முதலில் வேகமாக ஏறி, பிறகு சமதளமாகும். வட்டிக் கணக்குக்கு எதிர்த்திசை. மூன்றாவது மாதம் முன்னேற்றம் தெரியவில்லையே என்று பலர் கைவிடுவது இந்தத் தவறான எதிர்பார்ப்பால்தான்.

தூக்க நேரத்தை முன்னே கொண்டுவர, மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் போதும்; ஒரு மணி நேரம் நகர்த்த 12 நாள். நகர்த்த வேண்டியது எழும் நேரத்தை. சீக்கிரம் படுத்துக்கொண்டால் மட்டும் தூக்கம் வந்துவிடாது, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பீர்கள். எழுந்ததும் வெளிச்சத்துக்குப் போவதும், இரவில் வெளிச்சத்தைக் குறைப்பதும் உடலின் கடிகாரத்தை முன்னே இழுக்கும். விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் அதிகம் தூங்கினால் அந்த வாரம் நகர்த்தியதெல்லாம் கரைந்துபோகும்.

காபியைக் குறைப்பதற்கும் படிக்கட்டுதான். திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கி, ஒரு வாரத்துக்கு மேலும் சோர்வு நீடிக்கலாம். மூன்று நாளைக்கு ஒருமுறை அரை கப் குறைத்து இறங்கினால் நான்கு கப்பிலிருந்து ஒன்றுக்கு 18 நாளில் வரலாம், தலைவலி பெரிதாக எட்டிப் பார்க்காது. நாளின் கடைசிக் கப்பிலிருந்து வெட்டுங்கள். தூக்கத்துக்கும் அதுவே நல்லது.

ஏற்பாடு

மன உறுதியை நம்பாத வழி இது. ஒரு முறை பத்து நிமிடம் செலவழித்து, வேண்டாததைச் செய்யும் தூரத்தைக் கூட்டுவது, வேண்டியதைச் செய்யும் தூரத்தைக் குறைப்பது. உழைப்புக்குக் கிடைக்கும் பலனை வைத்துப் பார்த்தால் நான்கில் இதுவே மலிவு. ஆனால் ஏனோ எல்லோரும் கடைசியில்தான் இதற்கு வருகிறார்கள். இதில் சாதனை செய்த மாதிரி உணர்வு கிடைப்பதில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

போன் பார்ப்பதைக் குறைக்க வேண்டும் என்றால், தினம் ஐந்து நிமிடம் குறைக்கும் படிக்கட்டு வேலைக்காகாது. பார்க்க ஆரம்பித்தபின் ஐந்து நிமிடத்தை யார் எண்ணுவது? சார்ஜரை வேறு அறைக்கு மாற்றுவது, மனிதர்கள் நேரடியாக அனுப்பும் செய்தி தவிர மற்ற நோட்டிபிகேஷன்களை நிறுத்துவது, இழுத்துக்கொள்ளும் ஆப்பை அழித்துவிட்டு பிரவுசரில் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் போட்டுத் திறப்பது. கூடவே ஒரு தனி அலாரக் கடிகாரம். அதை வாங்காமல் சார்ஜரை மட்டும் நகர்த்தியவர்களின் போன், "அலாரத்துக்காக" என்று மூன்றாம் இரவே தலையணைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

ஏற்பாடு உடைவது பெரும்பாலும் இப்படித்தான்: பழைய பொருள் செய்துகொண்டிருந்த நியாயமான வேலைக்கு மாற்று வைக்க மறந்துபோவது. அடுத்த காரணம், வீட்டில் மற்றவர்களைக் கேட்காமல் செய்வது. பொதுவான அலமாரியிலிருந்து பலகாரத்தை ஒழித்துக்கட்டினால் நாலு நாளில் யாராவது திரும்ப வாங்கி வைப்பார்கள். உங்களுக்கு எட்டாத உயரத்தில், மூடி போட்ட, உள்ளே தெரியாத டப்பாவில் வைப்பது இருதரப்புக்கும் ஒத்துவரும்.

சேமிப்பில் ஏற்பாடும் படிக்கட்டும் ஒன்றாகச் சேர்ந்ததற்குத் தெளிவான சான்று இருக்கிறது. பொருளாதார அறிஞர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் ஓர் அமெரிக்க நிறுவன ஊழியர்களிடம், இப்போது கூடுதலாக எதுவும் பிடிக்க வேண்டாம், அடுத்தடுத்த சம்பள உயர்வின்போது அதில் ஒரு பங்கு தானாகச் சேமிப்புக்குப் போகட்டும் என்று கேட்டார்கள். 2004-ல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தின் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதத்துக்கு உயர்ந்தது. உயர்விலிருந்தே பங்கு போனதால் கைக்கு வரும் தொகை குறையவில்லை; நிறுத்துவதற்குத்தான் முயற்சி வேண்டியிருந்தது, தொடர்வதற்கு அல்ல. தனியாகச் செய்பவர்கள், சம்பளம் ஏறிய மறுநாளுக்கே தானியங்கிப் பணமாற்றம் போட்டுவிடலாம். மாதக் கடைசியில் மிச்சம் இருப்பதைச் சேர்க்கலாம் என்றால் மிச்சம் இருக்காது.

ஒரே வெட்டு

சிகரெட்டை விடுவதில் சின்ன அடி பின்தங்குகிறது. 2016-ல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில் 697 பேரில் ஒரு பாதி குறித்த நாளில் அடியோடு நிறுத்தினார்கள், மறு பாதி இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். இரு பக்கத்துக்கும் நிகோடின் மாற்றுச் சிகிச்சையும் ஆலோசனையும் உண்டு. நான்கு வாரம் கழித்து புகைக்காமல் இருந்தவர்கள்: ஒரே வெட்டில் 49 சதவீதம், படிப்படியில் 39.2. ஆறு மாதம் கழித்து 22-க்கு 15.5. படிப்படியாகவே விடுகிறேன் என்று விரும்பியவர்களும் அடியோடு நிறுத்தும் பக்கம் போடப்பட்டபோது மேலாகவே செய்தார்கள்.

காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. இருபதிலிருந்து ஐந்துக்குக் குறைத்தவருக்கு அந்த ஐந்தும் முன்னைவிட ருசியாகிவிடுகின்றன. நாள் முழுக்க அடுத்தது எப்போது என்ற கணக்கே ஓடுகிறது. பூஜ்யத்தில் அந்தப் பேரம் இல்லை. சூதாட்டம், இரவில் மட்டும் என்று தொடங்கி விடியவிடிய ஓடும் விளையாட்டு ஆகியவற்றிலும் "கொஞ்சம்" என்ற எல்லையைக் காப்பதே அதிக உழைப்பு கேட்கும்.

ஒரே வெட்டின் பலவீனம், ஒரு சறுக்கலில் எல்லாம் போச்சு என்று தோன்றிவிடுவது. ஒரு சிகரெட் பிடித்தாயிற்று, இனி என்ன இருக்கிறது என்று ஒரு பாக்கெட். ஆலன் மார்லட் போன்ற அடிமைத்தன ஆய்வாளர்கள் எண்பதுகளிலேயே சொன்னது, திரும்ப விழவைப்பது அந்த ஒன்றைவிட, அதற்குப்பின் வரும் குற்ற உணர்வு என்று. அதனால் நிறுத்தும் தேதியைக் குறிக்கும்போதே சறுக்கினால் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்றும் எழுதி வைக்க வேண்டும்: மிச்சத்தைத் தூக்கிப் போடுவது, யாரைக் கூப்பிடுவது, எங்கே போய் உட்கார்வது. தேதியை ஒன்று, இரண்டு வாரத்துக்குள் வையுங்கள். மூன்று மாதம் தள்ளி வைத்த தேதி வருவதில்லை.

இங்கே தடித்த எழுத்தில் எழுத வேண்டிய எச்சரிக்கை ஒன்று. தினமும் அதிகமாக மது குடிப்பவர் தானாகத் திடீரென நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பும், அதற்குப்பின் மனக்குழப்பமும் நடுக்கமும் சேர்ந்த உயிருக்கு ஆபத்தான நிலையும் வரலாம். பென்ஸோடயசெபைன் வகைத் தூக்க மாத்திரைகளும் அப்படியே. மன அழுத்த மருந்து, ஸ்டீராய்டு, சில இரத்த அழுத்த மருந்துகளையும் மருத்துவர் குறித்துக் கொடுக்கும் படிக்கட்டில்தான் இறக்க வேண்டும். இவற்றில் "உறுதி இருந்தால் போதும்" என்று சொல்பவரைக் காதில் வாங்காதீர்கள்.

எதை எடுப்பது

முதலில், புதிதாகச் சேர்க்கிறீர்களா, இருப்பதை நீக்குகிறீர்களா என்று பாருங்கள். நீக்குவதென்றால் துளியை மறந்துவிடலாம். அது தானாகக் கை போகும் பழக்கமா என்று கேட்டு, ஆமாம் என்றால் ஏற்பாடு. கொஞ்சம் என்ற நிலையே நிலைக்காத ஒன்றா, ஆமாம் என்றால் ஒரே வெட்டு, ஏற்பாடு அதற்குத் துணை. காபி போல, குறைந்த அளவிலேயே நிம்மதியாக இருக்க முடிகிறவற்றுக்கு மட்டும் இறங்கும் படிக்கட்டு.

சேர்ப்பதென்றால், தடை எங்கே? ஆரம்பிப்பதே இல்லை என்றால் துளி. ஆரம்பிக்கிறேன், ஆனால் மூன்றாம் வாரம் உடம்போ மனமோ தாங்கவில்லை என்றால் படிக்கட்டு. மறந்துபோகிறேன் என்றால் இரண்டுமே அவசரமில்லை. முடிச்சையும் ஏற்பாட்டையும் பார்த்தால் போதும்.

பலருக்குச் சரிப்படும் வரிசை, ஏற்பாடு முதல் நாள், அடுத்து ஆறிலிருந்து பத்து வாரம் துளி, பிறகுதான் படிக்கட்டு. ஷூவைக் கதவருகில் வைப்பது ஒரு நாள் வேலை. பிரஷ்ஷை வைத்ததும் ஷூவை மாட்டி வாசலைத் தாண்டுவது துளி. அது தன்னால் நடக்கத் தொடங்கியபின் பத்து நிமிடம் என்று படியேறலாம். இதைத் தலைகீழாக்கி 30 நிமிடத்தில் ஆரம்பிப்பதைத்தான் அகலக்கால் என்கிறோம். ஒரே சமயத்தில் மூன்று துளிகளை ஆரம்பிப்பதும் அகலக்கால்தான், ஒவ்வொன்றும் சின்னதாகவே இருந்தாலும். இரண்டுக்கு மேல் வேண்டாம். இரண்டாவதும் முதலாவது நினைவூட்டல் இல்லாமல் நடக்க ஆரம்பித்த பிறகுதான்.

நாள் விட்டுப்போனால் என்ன செய்வது? லாலி குழுவின் ஆய்வில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. எனவே ஒரு நாளுக்கு விளக்கம் தேவையில்லை, ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாகச் செய்யவும் வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு நாள் தவறினால் அளவைப் பாதியாக்குங்கள். வாரத்தில் நான்கு நாள் விட்டால் அளவைத் தொடவேண்டாம், முடிச்சை மாற்றுங்கள்; காலையில் போட்ட முடிச்சை மாலைக்குக் கொண்டுபோய் இரண்டு வாரம் பாருங்கள். மூன்று முடிச்சு மாற்றியும் பாதி நாள்கூட நடக்கவில்லை என்றால், அந்தக் காரியம் உங்களுக்கு வேண்டியதா, யாரோ சொன்னதற்காக எடுத்ததா என்று கேட்டுவிட்டு, இரண்டாவது என்றால் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.